தர்மச்சாவடியின் பின்கட்டு

முன்கூடத்துப் பானையில் தண்ணீர் தீர்ந்துவிட்டதே என்று லோகநாயகி குடத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனபோதுதான் அந்தக் கைகளைப் பார்த்தாள்.

கிணற்றடியில் குப்பம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வலது கையில் மூன்று விரல்கள்தான் வேலை செய்தன. சுண்டுவிரலும் மோதிரவிரலும் வீங்கிக் கறுத்து, மடங்காமல் விறைத்து நின்றன. இடது கை முட்டிகளின் மேல் வரிவரியாகத் தழும்பு. ஆளைக் கண்டதும் அவள் இரண்டு கைகளையும் அவசரமாக முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

குப்பம்மா பிறந்ததிலிருந்து காது கேளாதவள், பேச்சும் வராது. அவளுக்கு வாய் என்று இருந்தது அந்தக் கைகள்தான். தோணிரேவில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் வளர்ந்தவர்கள். ஏரியில் மடவை மீன் துள்ளுவதையும், வாடைக்காற்று திரும்புவதையும், எவள் எவனைப் பார்த்துச் சிரித்தாள் என்பதையும் அந்தப் பத்து விரல்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தவள் லோகநாயகி. ஓய்ந்திருக்கத் தெரியாத கைகள். அவை இப்போது ஒளிந்துகொள்கின்றன.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தைத் தொட்டு, 'என்ன?' என்று கையால் கேட்டாள். குப்பம்மா தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டாள். குப்பம்மா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடது கையை மட்டும் வெளியே எடுத்தாள். காதில் எழுத்தாணி செருகுவதுபோல் காட்டினாள். ஒரு கோலை ஓங்குவதுபோல் காட்டினாள். பிறகு தன் கையையே தரையில் வைத்து, அதன் மேல் அடித்துக் காட்டினாள். ஒரு முறை இல்லை, நிறுத்தாமல்.

காதில் எழுத்தாணி செருகியவர் அந்தச் சாவடியில் ஒருவர்தான் உண்டு.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தரின் கொடி பறந்த காலம் அது. கோட்டைக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு வழக்கம். நடுவில் அகப்பட்ட ஏழைக்கு எங்கே போய் என்ன சொல்வதென்று தெரியாது. அவர்களுக்காகத்தான் துணி வியாபாரி ஆதிநாராயணனின் தகப்பனார் கடைத்தெருவில் தர்மச்சாவடியைக் கட்டி வைத்தார். யாரும் வரலாம், குறையைச் சொல்லலாம், யோசனை கேட்கலாம். விண்ணப்பம் வேண்டுமென்றால் இனாமாக எழுதிக் கொடுப்பார்கள். தூரத்திலிருந்து வந்தவர்களுக்குக் கஞ்சியும் உண்டு. எழுதுகிறவர் திருப்பாலைவனத்துத் தருமலிங்கம். பெண்கள் அவர் முன்னால் பேசக் கூசுவார்கள் என்பதால், அவர்களிடம் கேட்டு எடுத்துச் சொல்ல லோகநாயகியை வைத்திருந்தார்கள்.

தருமலிங்கத்தை ஊரே 'தருமண்ணே' என்று கூப்பிட்டது. லோகநாயகியும்தான். அவள் புருஷன் கப்பல் நிற்கும் இடத்தில் வலை விட்டான் என்று கோட்டைக் காவலர்கள் பிடித்துப் போனபோது, ஒரே ஓலையில் அவனை மீட்டுக்கொடுத்தவர் அவர். அந்த நன்றி அவள் கண்ணைக் கட்டியிருந்தது என்பது இப்போது புரிந்தது. குப்பம்மாவின் நெற்றியில் காயம் பார்த்தாளே மாசியில்? "கிணத்தடி வழுக்கிட்சி" என்று அவர் சொன்னார், இவளும் தலையாட்டினாள். சித்திரையில் தோளில் தீக்காயம். "அடுப்பாண்ட ஜாக்கிரதை இல்ல லோகு, அவளுக்குப் புத்தி கம்மிதானே" என்று சொன்னார். அதற்கும் தலையாட்டினாள். குப்பம்மாவுக்கா புத்தி கம்மி? தோணிரேவில் அவளைவிட வேகமாக வலை முடிந்தவள் யார்? அதை அப்போதே கேட்டிருக்க வேண்டாமா நான் என்று லோகநாயகிக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

குப்பம்மா அங்கே வந்து ஆறு மாதம் ஆகிறது. முகத்துவாரம் தாண்டிப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. ஏரியில் இன்ன நாள் இன்ன இடத்தில் இன்ன குடும்பம் இறால் பிடிக்கலாம் என்று முறை உண்டு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். புருஷனின் பாடு அவளுக்கு வர வேண்டியது. அதற்கு என்ன வழி என்று கேட்கத்தான் கொழுந்தன் சிங்காரம், லோகநாயகி வராத ஒரு நாளில், அவளைச் சாவடிக்கு அழைத்து வந்தான். வந்தவன் தனியே போய்விட்டான். அவள் பின்கட்டிலேயே தங்கிவிட்டாள். லோகநாயகி அங்கே போனபோதெல்லாம் தருமலிங்கமும் கூடவே வந்து நின்றார். "போக்கிடம் இல்லாதவ, இங்கயே இருந்துட்டுப் போறா" என்று தருமலிங்கம் சொன்னதைக் கேட்டு ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. தண்ணீர் இறைப்பதும் நெல் குத்துவதும் அவர் துணி துவைப்பதுமாக அவள் அங்கே மாடாய் உழைத்ததை யாரும் கேட்கவில்லை. சிங்காரம் வீட்டு இறாலும் நண்டும் தினமும் பின்கட்டு அடுப்புக்கு வந்ததையும் யாரும் கேட்கவில்லை.

லோகநாயகி குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நேரே சாவடியின் தர்மகர்த்தா ஆதிநாராயணனின் கிடங்குக்குப் போனாள்.

அவர் வண்ணத்துணி மடிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"நீ கண்ணால பாத்தியா, அவரு அடிச்சத?" என்றார்.

"அவ சொன்னா ஐயா."

"அவளுக்குத்தான் பேச்சு இல்லியேம்மா."

"கை கீதே. அந்தக் கையத்தான் ஒடிச்சிக் கீறாரு."

ஆதிநாராயணன் துணியைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதோ பாரு லோகநாயகி. நாப்பது வருசமா கட்டிக் காத்த பேரு. சாவடி எழுத்துன்னா கோட்டையில மதிப்பு கீது. இது வெளிய போச்சுன்னா நாளைக்கு உங்க ஆளுங்களுக்கு யாரு எழுதுவா? உம் புருசன் எப்பிடி வெளிய வந்தான்னு நெனச்சிப் பாரு. நான் தருமலிங்கத்தாண்ட தனியா பேசிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

அவர் பேசத்தான் செய்தார். பேசியதன் பலன் மறுநாள் காலையில் தெரிந்தது. பின்கட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சாவடி கட்டிய நாளிலிருந்து பகலில் சாத்தாத கதவு.

முன்கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்த பெண்கள் நாலு பேர். கோட்டையில் மரவேலை செய்யும் சந்தியாகு, ஏதோ வீட்டு எல்லைத் தகராறுக்காக உளிப் பையோடு உட்கார்ந்திருந்தான். லோகநாயகி கதவைத் தட்டினாள்.

"இன்னிக்கி எழுத்து இல்ல, எல்லாரையும் நாளைக்கி வரச்சொல்லு" என்றது தருமலிங்கத்தின் குரல்.

"குப்பு எங்க?"

"தூங்கறா."

கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் குதிகாலால் உதைக்கும் சத்தம் கேட்டது. காது கேளாதவள், தன் சத்தம் யாருக்காவது எட்டுமா என்று தெரியாமலேயே உதைத்துக்கொண்டிருந்தாள்.

லோகநாயகி திரும்பிக் கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். "இந்தக் கதவுக்குப் பின்னால ஒரு பொம்பளைய அடைச்சி வெச்சிக் கீறான்! யோசனை கேக்க வந்தவள, கதியத்தவள, கை விரல ஒடிச்சி வெச்சிக் கீறான்! நீங்கள்லாம் உங்க கொறைய சொல்ல வந்தீங்களே, இதக் கேக்க மாட்டீங்களா?"

'கீறாரு' அவள் வாயில் 'கீறான்' ஆனது அந்தக் கணத்தில்தான். சந்தியாகு எழுந்தான். பையிலிருந்து பெரிய உளியை எடுத்துக் கதவின் கீலில் கொடுத்து இரண்டு அடி அடித்தான். மூன்றாவது அடியில் கதவு சாய்ந்தது.

குப்பம்மா சுவரோரம் கிடந்தாள். தாம்புக் கயிற்றால் இரண்டு மணிக்கட்டும் சேர்த்துக் கட்டியிருந்தது. வாயைக் கட்டவில்லை, அதற்கு அவசியம் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

"பைத்தியம் முத்திப் போச்சு" என்றான் தருமலிங்கம். குரல் நடுங்கவில்லை. "தன்னத்தானே கடிச்சிக்கறா. அவ நல்லதுக்குத்தான் கட்டி வெச்சேன்."

லோகநாயகி கட்டை அவிழ்த்து, குப்பம்மாவைத் தோளில் சாய்த்து, கூடத்தின் நடுவே கொண்டுவந்து உட்காரவைத்தாள். "தர்மகர்த்தா வரட்டும். சிங்காரமும் வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் எழுந்துபோகாதீங்க" என்றாள். ஒருவரும் போகவில்லை. சுண்ணாம்புக்குளத்துப் பெண்கள் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள்.

செய்தி கேட்டு ஆதிநாராயணன் மூச்சு வாங்க ஓடி வந்தார். சிங்காரம் ஈர வேட்டியோடு ஏரியிலிருந்தே வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அவ ஏதோ கைய ஆட்டுவா, அதுக்கு நீ சொல்றதுதான் அர்த்தமா?" என்றார் ஆதிநாராயணன். "நாலு பேரு எப்பிடி நம்பறது?"

"சோதிச்சிடலாம்" என்றான் சந்தியாகு.

லோகநாயகி அவர்கள் பக்கம் திரும்பினாள். "ஆறு மாசமா அவன் சொன்னத ஒருத்தரும் சோதிக்கல. கிணத்தடி வழுக்கிட்சின்னான், நம்பினீங்க. பைத்தியம்னான், நம்பினீங்க. வெரலு ஒடிஞ்சவளுக்குத்தான் சோதனையா? சரி, செய்ங்க."

அவள் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். உள்ளே சந்தியாகு குப்பம்மாவுக்கு எதிரில் ஏதோ செய்தான். பிறகு கூப்பிட்டார்கள். குப்பம்மா இடது கையாலும் வலது கையின் மூன்று விரல்களாலும் சொன்னாள். மெதுவாக, வலியோடு. லோகநாயகி பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"சின்ன உளிய எடுத்து, காலிக் கஞ்சிப் பானையில போட்டாரு. மேல தையல் இலைய வெச்சி மூடினாரு. அப்புறம்... கையில கஞ்சி ஒட்டிகிச்சின்னு ஆதிநாராயணய்யா அங்கவஸ்திரத்துல தொடச்சாரு."

ஆதிநாராயணன் குனிந்து தன் அங்கவஸ்திரத்தைப் பார்த்தார். நுனியில் வெள்ளையாக இருந்தது. சந்தியாகுவுக்கே அது நினைவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று அடங்கினார்கள்.

அதன்பிறகு குப்பம்மா நிறுத்தவில்லை. கொழுந்தன் தன்னை இங்கே விட்டுப் போனதை, ஏதோ ஓலையில் கட்டைவிரல் வைக்கச் சொன்னதை, மறுத்ததற்குத் தோளில் கொள்ளிக்கட்டை பட்டதை, கடைசியில் விரலைப் பிடித்து அழுத்திவிட்டதைச் சொன்னாள். ஒருநாள் கஞ்சி குடிக்க வந்த கிழவியிடம் கையால் முறையிட்டதைத் தருமலிங்கம் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து கையை அசைத்தால் கையில் அடி. விரல் ஒடிந்தது ஐந்து நாள் முன்பு. லோகநாயகி ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள்.

"கட்டைவிரல் வெச்ச ஓலை எங்க?" என்றான் சந்தியாகு.

ஓலை பெட்டியிலேயே இருந்தது. ஆதிநாராயணன்தான் எடுத்துப் படித்தார். மதி பிறழ்ந்தவளாகிய குப்பம்மாள், தன் புருஷனின் பாடு முறையைக் கொழுந்தன் சிங்காரத்துக்கு மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து...

"நிறுத்துங்க ஐயா" என்றாள் லோகநாயகி. "மதி இல்லாதவ எப்பிடி மனப்பூர்வமா குடுப்பா? இத எழுதனவனுக்குக் கூசல. சாட்சி போட்டவனுக்கு இன்னா ஆச்சு? சாட்சி யாரு, படிங்க."

ஆதிநாராயணன் படிக்கவில்லை. "நூறு ஓலை வரும்... தருமலிங்கம் நீட்டுவான்... நான் போட்டுக் குடுப்பேன்" என்றார். சாட்சி அவரேதான்.

ஓலையைக் கூட்டத்தின் முன்னாலேயே கிழித்தார்கள். சிங்காரத்தைத் தோணிரேவு ஊர்க்கூட்டம் அன்று சாயங்காலமே கூப்பிட்டு விசாரித்தது. பாடு குப்பம்மாவுக்கு வந்தது. எந்த ஆட்களை வைத்து வலை விடுவது என்பதை அவளே கைகாட்டித் தேர்ந்தெடுத்தாள். கட்டுப் போட்டும் அந்த இரண்டு விரல்கள் நேராகவில்லை.

சாவடியில் பின்கட்டுக்கு மறுபடி கதவு மாட்டக் கூடாது என்று லோகநாயகி ஒற்றைக்காலில் நின்றாள். இனிமேல் யாரையும் தனியே வைத்து விசாரிக்கக் கூடாது, வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டியவரைக் கூட வைத்துக்கொள்ளலாம், எழுதியதைக் கூடத்தில் உரக்கப் படித்த பிறகே சாட்சி என்றாள். ஆதிநாராயணன் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். தருமலிங்கத்தை வெளியே அனுப்பிவிட்டேன் என்றார். அவள் நம்பினாள்.

இருபது நாள் கழித்துத் துறைமுகப் பக்கம் மீன் கொண்டுபோனபோது, வேறொரு வியாபாரியின் நூல் கிடங்கு வாசலில், காதில் எழுத்தாணியோடு தருமலிங்கம் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் நூல் வாங்க வந்த நெசவுக்காரப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். விசாரித்தாள். 'தானாகவே விலகிக்கொண்டார், யோக்கியர்' என்று ஆதிநாராயணன் ஓலை கொடுத்திருக்கிறார்.

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் அவர், அவள் போய் நின்றபோது. "அவனுக்கும் குடும்பம் கீதே. சாவடி பேரும் கெடல, எல்லாம் அமைதியா முடிஞ்சிடுச்சி."

"உங்களுக்கு முடிஞ்சிடுச்சி" என்றாள் லோகநாயகி. அதற்கு மேல் அவரிடம் பேச ஒன்றுமில்லை என்று வந்துவிட்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில் அவளும் குப்பம்மாவும் அந்த நூல் கிடங்கின் எதிரில் போய் நின்றார்கள். குப்பம்மாதான் முன்னால் நின்றாள். முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, வரிசையில் நின்ற பெண்களின் பக்கம் உயர்த்திக் காட்டினாள். பிறகு, காதில் எழுத்தாணி செருகுவதுபோல் காட்டி, கோல் ஓங்குவதுபோல் காட்டி, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். லோகநாயகி பக்கத்தில் நின்று, தெருக்கோடிவரை கேட்கும் குரலில் அதைச் சொன்னாள். கிடங்கு ஆட்கள் வந்து விரட்டினார்கள். இரண்டடி தள்ளி நின்று சொன்னார்கள். அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாள் தோணிரேவுப் பெண்கள் ஆறு பேர் மீன்கூடைகளை இறக்கி வைத்துவிட்டு அவர்களோடு நின்றார்கள். நெசவுக்காரப் பெண்கள் நூல் வாங்காமல் திரும்பினார்கள்.

நாலாம் நாள் வாசலில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான்.

குப்பம்மா கிடங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு லோகநாயகியின் பக்கம் திரும்பி, 'எங்கே போனான்?' என்று கேட்டாள். தெரியாது என்று லோகநாயகி கைவிரித்தாள். குப்பம்மா தலையை அசைத்தாள். கேட்டுச் சொல், அங்கேயும் போகலாம் என்றன அவள் கைகள்.