அம்மாவின் இடது பக்கம்

கதவருகே ஒரு நாற்காலி தனியாகப் போடப்பட்டிருந்தது. அது தனக்குத்தான் என்று யாரும் சொல்லாமலே ஜெனீலுக்குப் புரிந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

இறுதிச் சடங்கு நிலையத்தின் அந்த அறையின் நடுவில் உயரமான மேசை. அதன்மேல் அம்மா, கழுத்துவரை போர்த்திய துணிக்கு அடியில். தலைமாட்டில் நின்று தங்கை கெரிலின் அம்மாவின் சின்ன நீலப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை உடை, காலுறைகள், துணிச் செருப்பு, பச்சை ஏப்ரன், மடிப்பு கலையாத அங்கி, இடைக்கச்சை, முக்காடு. குன்றின்மேல் நிற்கும் ஆலயத்துக்குள் அம்மா நாற்பத்தாறு வருடம் உடுத்தியவை. மண்ணுக்குள் போவதும் இவற்றோடுதான். உயிர்த்தெழும் காலையில் எழுந்து நிற்பதும் இவற்றோடுதான். மேன்டி என்ற இந்தச் சின்ன ஊரில் அம்மாவின் வயதுப் பெண்கள் அப்படித்தான் நம்பினார்கள்.

உடுத்திவிடுவதற்கு ஒரு விதி உண்டு. ஆலயத்துக்குள் போய் உறுதிமொழி எடுத்த பெண்கள்தான் இறந்த பெண்ணுக்கு அந்த உடைகளைப் போடலாம். ஜெனீலும் இருபத்திரண்டு வயதில் எடுத்தவள்தான். ஆனால் பதினோரு வருடங்களுக்கு முன் மார்மன் சபைக்குக் கடிதம் எழுதி, பதிவேட்டிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டார்கள்.

முந்தின நாள் ஜெனீல் தங்கியிருந்த விடுதிக்குப் போன் செய்து கெரிலின் தெளிவாகவே சொல்லியிருந்தாள்.

“நீ வா, ஜென். உள்ள உக்காந்துக்கோ. ஆலயத் துணிய மட்டும் தொடாத.”

“தொட்டா அம்மாவுக்குப் பிடிக்காதா, உனக்குப் பிடிக்காதா?”

“ரெண்டு பேருக்கும்னு வச்சுக்கோ.”

ஜெனீல் அதற்கு மேல் வாதாடவில்லை. அம்மாவின் மூச்சு நின்றபோது அவள் நெவாடாவில், பனிக்காக மூடிவிட்ட ஒரு கணவாயின் முன்னால் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். நான்கு மணி நேரம். வந்து சேர்ந்தபோது கட்டிலில் விரிப்பைக்கூட மாற்றியிருந்தார்கள். இனி ஒருமுறை, இந்தக் கைகளால், ஏதாவது ஒரு வேலையின் சாக்கிலாவது அம்மாவைத் தொட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நாளைக் காலை சவப்பெட்டியை மூடிவிடுவார்கள்.

பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டு சிஸ்டர் தோர்லி உள்ளே வந்தார். சபைப் பெண்கள் சங்கத்தின் தலைவி. பொறுப்பு கைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அந்தக் குரல் இன்னும் கடைசி இருக்கைவரை போனது.

“நாளைக்குச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சீஸ் தட்டு ஏழு வந்தாச்சு. ஏழுலயும் மேல கார்ன்ஃப்ளேக்ஸ். உங்கம்மா வெர்லா பார்த்தா என்ன சொல்லுவாங்களோ.”

“சிப்ஸ நொறுக்கிப் போடணும்பாங்க,” என்றாள் கெரிலின்.

“கார்ன்ஃப்ளேக்ஸ் காலைல பால்ல போட்டுத் திங்கறது,” என்று கதவருகிலிருந்து ஜெனீல் முடித்தாள்.

அது அம்மாவின் வாக்கியம், அம்மாவின் குரலில். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கெரிலின் மூக்கைச் சுருக்கினாள்.

“காபி குடிச்சியா?” சபையில் காபி விலக்கு.

“கார்ல.”

“பெப்பர்மின்ட் போட்டா தெரியாதுன்னு நெனச்சியா? நாப்பத்தொம்பது வயசாகுதுடி உனக்கு.”

“விடுங்க கெரிலின். வெர்லாவுக்கு இப்ப எந்த வாசனையும் தெரியப்போறதில்ல,” என்றார் சிஸ்டர் தோர்லி. சொன்ன பிறகு அது எப்படிக் கேட்டது என்று யோசித்து முகம் சிவந்தார்.

உள்ளாடைகளை நிலையத்தின் பெண் ஊழியரே போட்டிருந்தார். மிச்சம் இவர்களுடையது. காலுறையைக் கையில் எடுத்த கெரிலின் அதைச் சுருட்டிப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள். பிறகு திரும்பாமலே பின்னால் நீட்டினாள்.

“இது கடைல வாங்கினது. ஆலயத்துல மட்டும் போடறதுன்னு இல்ல. நீ போடு.”

ஜெனீல் எழுந்து வந்தாள். அம்மாவின் பாதம் அவள் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ந்திருந்தது. ஆனால் இரண்டாம் விரல் கட்டைவிரலைவிட நீண்டிருந்த அதே பாதம். கெரிலினுக்கும் அவளுக்கும் அப்படித்தான். காலுறையைக் குதிகால்வரை கவனமாக ஏற்றினாள். ஒரு சுருக்கம் விழுந்தது. அதை நீவிவிட்டாள். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நீவினாள்.

அப்பா நோயில் கிடந்த வருடம் நினைவுக்கு வந்தது. சபை முழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உபவாசம் இருந்தது. புதன்கிழமை அப்பா இறந்தார். அதே மாதம் இரண்டு தெரு தள்ளி ஒருவர் பிழைத்துக்கொண்டார். அவருக்கும் உபவாசம் இருந்தார்கள். அடுத்த சாட்சிக் கூட்டத்தில் இரண்டு குடும்பங்களும் மேடையேறி, கடவுள் கேட்டார் என்பது தங்களுக்குத் தெரியும் என்று சொன்னார்கள். நம்புகிறேன் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. தெரியும் என்பார்கள். ஜெனீலும் ஏழு வயதிலிருந்து அப்படித்தான் சொல்லியிருக்கிறாள், அம்மா காதில் கிசுகிசுக்க, மைக்குக்கு எட்டாமல் பெட்டிமேல் ஏறி நின்று.

அந்தக் கோடையில் பீச் பழங்களைத் தோலுரித்துப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் கேட்டாள். “பொழச்சாலும் கடவுள் கேட்டாரு, பொழைக்கலன்னாலும் கேட்டாரு. என்ன நடந்திருந்தா, அவரு கேக்கலன்னு நாம ஒத்துக்குவோம்?”

அம்மா வெந்நீரில் அடுத்த பழத்தைப் போட்டாள். “தோல சதையோட சேர்த்து உரிக்காத,” என்றாள்.

கேள்வி போகவில்லை. ஜெனீல்தான் சபையை விட்டுப் போனாள், பல வருடங்கள் கழித்து. போன பிறகு அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை. செவ்வாய்தோறும் ஆலயத்துக்குப் போய், வேண்டுதல் தேவைப்படுகிறவர்களின் பெயர்களை எழுதிப் போடும் சீட்டில் ஜெனீலின் பெயரை எழுதிவிட்டு வருவாள். போடாதே என்று ஜெனீல் ஒருமுறை கேட்டுக்கொண்டாள். “சரி,” என்றாள் அம்மா. அடுத்த வாரமும் எழுதினாள். “என்ன பண்றது, பென்சில் அங்க சும்மா கெடக்கு,” என்றாள்.

ஒரு தாளில் பெயர் எழுதுவதால் எதுவும் நடக்காது என்பதில் ஜெனீலுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் ரீனோவில் தன் சமையலறையில் செவ்வாய்க்கிழமை காலைகளில், அம்மா இந்நேரம் எழுதியிருப்பாள் என்று கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. நேற்று முன்தினம், இங்கே விடுதி அறையிலும் பார்த்தாள். அம்மா இறந்து ஒருநாள் ஆகியிருந்தது.

“தலையும் நீயே வாரிடு,” என்றாள் கெரிலின். வாரினாள். அவ்வளவுதான், அவளுக்கான வேலை முடிந்தது. சீப்பை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள்.

மற்ற இருவரும் உடையைப் போட்டார்கள். தூக்க, திருப்ப, கையை நுழைக்க என்று இருவருக்கும் மூச்சு வாங்கியது. சிஸ்டர் தோர்லிக்கு இதுதான் முதல்முறை. ஒவ்வொரு படிக்கும் கெரிலினைப் பார்த்தார். கெரிலினுக்கும் இது முதல்முறைதான். அவள் அவரைப் பார்த்தாள். தோள்மேல் அங்கியை விரித்தார்கள், ஏப்ரனைக் கட்டினார்கள். கச்சையை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து சிஸ்டர் தோர்லி ஒரு முடிச்சுப் போட்டு, அதன்மேல் பூவாகக் கட்டி, ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்தார்.

“அழகா இருக்காங்க,” என்றார். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது.

ஜெனீலின் பார்வை முடிச்சிலேயே நின்றது. தன் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இருபத்துநாலு வயதில் லரூ சித்தி இறந்தபோது, இதே ஊரில் இப்படி ஓர் அறையில் அம்மாவும் அவளும்தான் உடுத்திவிட்டார்கள். அன்றைக்கு அவளும் இதே இடத்தில்தான் கட்டினாள். ஆலயத்தில் தன் இடுப்பில் கட்டிப் பழகிய கை, எதிரே படுத்திருப்பவரின் இடுப்பிலும் தன் இடது பக்கமாகவே போய்விடுகிறது. அம்மா அவள் கையில் லேசாகத் தட்டினாள். “உன் பக்கமிருந்து பாக்காத. அவ எந்திரிச்சு நிக்கற மாதிரி நெனச்சுக்கோ. அவ இடது கை எங்க இருக்கு?”

கெரிலின் முக்காட்டைக் கையில் எடுத்தாள்.

“கெரி,” என்றாள் ஜெனீல். “முடிச்சு பக்கம் மாறியிருக்கு.”

“என்னது?”

“இடது இடுப்புல வரணும். அம்மாவோட இடது. இது அவங்க வலது.”

கெரிலின் குனிந்து பார்த்தாள். தன் இடது கையை உயர்த்தினாள், அம்மாவின் இடது கையைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது. மாறியதை மறைக்கக் கோபம் வந்தது.

“நீதான் இதுல எதையும் நம்பறதில்லையே. எந்தப் பக்கம் இருந்தா உனக்கென்ன?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மாவுக்கு இருக்கு.”

“கடவுளே, என் தப்பு,” என்று சிஸ்டர் தோர்லி முடிச்சைப் பிடித்தார். குளிரில் வீங்கிய விரல் கணுக்கள் மடங்கவில்லை. கெரிலின் அவரை விலக்கிவிட்டுத் தானே முயன்றாள். பதற்றத்தில் தவறான முனையை இழுத்தாள், முடிச்சு இறுகிவிட்டது. அவள் நிமிர்ந்தாள். மூன்று நாளாக அடுக்கிவைத்த எல்லாம், பூக்கள், பிஷப், இரங்கல் அறிவிப்பு, உருளைக்கிழங்கு, அவள் தாடையில் வந்து நின்று துடித்தது.

“எனக்குத் தண்ணி வேணும்,” என்றாள். “சிஸ்டர் தோர்லி, தண்ணி எங்க இருக்குன்னு வந்து காமிங்க.”

“தாழ்வாரத்துல, வலது பக்கம், குழாய்…”

“வந்து காமிங்க.”

சிஸ்டர் தோர்லி அவளைப் பார்த்தார், ஜெனீலைப் பார்த்தார். முப்பது வருடம் கண்ணாடியில் பின்னிருக்கைகளைப் பார்த்துப் பழகியவர். எப்போது பார்க்கக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. “தூரம்தான் கொஞ்சம்,” என்றார். “அஞ்சு நிமிஷம் ஆகும்.”

கதவு சாத்திக்கொண்டது.

ஜெனீல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். நகத்தால் முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தினாள். கச்சை அவிழ்ந்தது. அம்மாவின் முதுகுக்கு அடியில் கையை நுழைத்து அதைச் சுற்றிக் கொண்டுவரும்போது அம்மாவின் முழு எடையும் அவள் முன்கையில் வந்து இறங்கியது. அப்படியே சற்று நின்றாள். இஸ்திரிக் கஞ்சியின் வாசனை அடித்தது.

நெஞ்சுக்குள் அந்தச் சூடு வந்தது. சின்ன வயதில் அதற்குப் பரிசுத்த ஆவி என்று பெயர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது வந்தால் உண்மை என்று அர்த்தம். பிற்பாடு அது விமான நிலையங்களிலும் வந்தது, பேண்டு வாத்தியம் கேட்டாலும் வந்தது, வேறு கடவுள்களைக் கும்பிடுகிறவர்களும் அதே சூட்டைச் சொல்லக் கேட்டாள். இது எதையும் நிரூபிக்கவில்லை. அம்மா எங்கேயும் எழுந்து நிற்கப்போவதில்லை, அப்பா எங்கேயும் காத்திருக்கவில்லை. நம்ப முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மட்டும் இருந்தது. ஒரே ஒரு காலைக்கு. அம்மா எழுந்து, உடையைத் தட்டிவிட்டு, இடது பக்கம் குனிந்து பார்க்கும் வரைக்கும்.

தலைமாட்டுக்குப் போய் அம்மா பார்க்கும் திசையில் நின்றாள். இடது கை எங்கே என்று பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்து கட்டினாள்.

கெரிலின் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தாள். நேராகப் போய்ப் பூமுடிச்சைப் பார்த்தாள். ஒரு காது பெரிதாகவும் ஒரு காது சின்னதாகவும் இருந்தது.

“சின்ன வயசுல சர்ச்சுக்குப் போறப்ப எனக்குக் கவுன் நாடா கட்டிவிடுவியே, அதே கோணல்,” என்றாள். “அம்மா கார்ல வச்சு அவுத்துத் திரும்பக் கட்டுவாங்க.”

“கட்டிக்கோயேன்.”

கெரிலின் விரல் நுனியால் பெரிய காதைத் தொட்டாள். சரிசெய்யவில்லை. சிஸ்டர் தோர்லி முக்காட்டை எடுத்துக் கொடுத்தார். கெரிலின் அதை அம்மாவின் தலையில் வைத்து, முகத்தை மூடாமல் பின்னால் மடித்துவிட்டாள். முகத்தை மூடுவது நாளைக்கு, சவப்பெட்டியை மூடும் முன்.

“வர்ற செவ்வாய் நான் ஆலயத்துக்குப் போவேன்,” என்றாள், அம்மாவைப் பார்த்தபடியே.

ஜெனீல் கோட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள்.

“எழுதாதேன்னு நீ சொல்லுவன்னு நெனச்சேன்,” என்றாள் கெரிலின்.

“சொன்னா கேப்பியா?”

“மாட்டேன்.”

“எத்தனை மணிக்குப் போவ?”

கெரிலின் நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா போற நேரந்தான். ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்,” என்றாள் ஜெனீல்.