பெண் பார்க்கும் முன்பே ஒரு டிரா

1
போடி செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் நான் சீக்கிரமே தோற்றுப்போனேன். இந்தக் கதை கிடைத்தது அதனால்தான். எழுந்து பக்கத்து மேசைக்குப் போனேன். அங்கே எங்கள் சிலமலை சிவரஞ்சனியும் தேவாரம் ஜெகதீஷும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெகதீஷ் வீட்டார் அவளைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் போட்டிக் கம்ப்யூட்டர் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டது. ஜெயிப்பவருக்குக் கோப்பை. டிரா ஆனால் கோப்பை வேறொருவருக்கு.

2
முதலில் எழுதிய தொடக்கம்: 'ஏலக்காய் மணக்கும் மலையடிவாரத்தில்…' போட்டி நடந்த மண்டபத்தில் மணந்தது சாம்பார். அடித்துவிட்டேன்.

ஆட்டத்தின் தொடக்கம் இதைவிட நன்றாக இருந்தது. ராணிக்கு முன்னிருந்த வெள்ளைச் சிப்பாயை நகர்த்திய சிவரஞ்சனி, அடுத்து, 'வேண்டுமானால் எடுத்துக்கொள்' என்பதுபோல் பக்கத்துச் சிப்பாயையும் நீட்டினாள். ஜெகதீஷ் எடுக்கவில்லை.

(இங்கே வரதட்சணை பற்றி ஒரு வரி இருந்தது. சிவரஞ்சனி படித்துவிட்டு, "அண்ணே, இத எடுத்துருங்க" என்றாள். எடுத்துவிட்டேன்.)

3
கொஞ்ச நேரத்தில் ஜெகதீஷ், "டிரா வச்சுக்கிருவமா?" என்றான்.

"பொண்ணுன்னு விட்டுக்குடுக்கிறீகளா?"

"இல்லங்க. ஒங்க குதிரையப் பாத்தா பயமா இருக்கு."

"அப்ப ஆடுங்க."

(ஜெகதீஷைக் கர்வக்காரனாக எழுதிப் பார்த்தேன். பயத்தை வெளியே சொல்கிறவனிடம் கர்வம் ஒட்டவில்லை.)

அவசரமாகத் தாக்கப்போய் சிவரஞ்சனி ஒரு யானையை இழந்தாள். அவள் முகம்… இந்த வாக்கியத்தை எனக்கு முடிக்கத் தெரியவில்லை. இப்போது அவன் மறுபடி டிரா கேட்டிருந்தால் கதைக்கு இனிப்பாக இருந்திருக்கும். கேட்கவில்லை. ஜெயிக்கவே ஆடினான். அதுதான் தனக்குப் பிடித்தது என்று பிறகு சொன்னாள்.

அவள் ராணியால் செக் வைத்தாள். ராஜா ஒதுங்கியது. மறுபக்கம் செக். ராஜா பழைய கட்டத்துக்கே வந்தது. தப்பிக்க வேறு வழியில்லை. ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா என்பது விதி. மூன்றாவது தடவையும் அதே நிலை வந்ததும் நடுவரைக் கூப்பிட்டாள். டிரா.

கோப்பை குரங்கணிக்காரர் ஒருவருக்குப் போனது. இவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

"யானைய விட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"எங்க ஊர்ல யானைய வெரட்டத்தாங்க தெரியும். பிடிச்சது இன்னைக்குத்தான்."

அவள் சிரித்ததை நடுவர் முனியசாமி முறைத்துப் பார்த்தார்.

4
ஞாயிற்றுக்கிழமை இருவரையும் தனியாகப் பேசச்சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். வெகு நேரம் இறங்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஜக்கம்மாள் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"போன்ல செஸ் ஆடுதுக. இது முடிஞ்சாத்தான் பதில் சொல்லுவாகளாம்."

என்ன ஆனது என்று சிவரஞ்சனியிடம் கேட்டேன். "நீங்களே ஒரு முடிவு எழுதுங்கண்ணே. பிடிச்சா அதையே வச்சுக்கிறோம்" என்றாள். இரண்டு எழுதிக் கொடுத்தேன். கல்யாணத்தில் முடித்தது சினிமா மாதிரி இருக்கிறதாம். நட்பாக முடித்தது சப்பென்று இருக்கிறதாம்.

நீங்கள் ஒன்று எழுதிப் பாருங்கள். கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.