கத்தரிக்கோல் தட்டும் சத்தம்

நான் உள்ளே நுழைந்ததும், தையல் பிரிவில் யாரோ கத்தரிக்கோலால் மேசையை ‘டக்’கென்று தட்டினார்கள். சூப்பர்வைசர் வருகிறார், பேச்சை நிறுத்துங்கள் என்று அர்த்தம். இந்தப் பாழாய்ப்போன ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தவளே நான்தான். போன மாதம் என்னையே சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். இப்போது எனக்காகத் தட்டுகிறார்கள்.

மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். கால் கெஞ்சியது. என் பழைய மிஷின் காலியாக இருந்தது, அதன் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பக்கத்து மிஷினில் என் சிநேகிதி. போன மாதம்வரை வாடி போடி என்று பேசியவள்.

“ஏதாவது தப்பாயிடுச்சா மேடம்?”

“மேடமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கால் வலிக்குதுடி. கொஞ்ச நேரம் உட்காந்துட்டுப் போறேன்.”

“உட்காருங்க மேடம்.”

தலையைக் குனிந்துகொண்டு மிஷினை விரட்டினாள். வரிசை முழுக்க விரட்டியது. தண்ணீர் குடிக்கப் பாட்டிலைத் திறந்த ஒருத்தி, குடிக்காமலே மூடிவைத்தாள். சிநேகிதியின் நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைக்கக்கூட அவள் கை துணியை விடவில்லை.

நான் உட்கார்ந்திருக்கும்வரை இவர்கள் யாரும் மூச்சுவிடப் போவதில்லை. எழுந்தேன்.

கதவைத் தாண்டியதும் கத்தரிக்கோல் இரண்டு தடவை தட்டியது. தொலைந்தாள், இனிப் பேசலாம் என்று அர்த்தம். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.