சத்தம் போடாத மோட்டார்

கடல் இல்லாத ஊருக்கு ஒரு படகு மோட்டார் வந்தது. வேங்கிக்கால் வெள்ள மீட்புக் குழுவின் கொட்டகை வாசலில், தண்ணீர் நிரப்பிய டிரம்மில் அதை இறக்கி, பைக் மெக்கானிக் ஓவியா கயிற்றை ஒரு தடவை இழுத்தாள்.

இருபது வருடமாக அணையில் படகு ஓட்டிய வேடியப்பன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, எப்ப ஸ்டார்ட் பண்ணப் போற?”

“ஓடிக்கிட்டுதான் இருக்குதுண்ணா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேடியப்பன் மோட்டாரின் மூடியில் கை வைத்துப் பார்த்தார். லேசாக அதிர்ந்தது.

“ஃபோர் ஸ்ட்ரோக்ணா. பெட்ரோல்ல ஆயில் கலக்க வேணாம். புகையும் கம்மி.”

“சத்தமும்தான் கம்மி. சத்தம் இல்லாத எஞ்சினுக்கு பலம் எங்கருந்து வரும்?”

“அண்ணி சத்தமே போடறதில்ல. உங்க வீட்ல அவங்க சொல்றதுதான நடக்குது?”

அவரும் சிரித்துவிட்டார். ஆனாலும் குழுவின் படகில் பழைய, சத்தம் போடும் டூ ஸ்ட்ரோக் மோட்டாரே இருந்தது.

கார்த்திகை மழையில் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் ஏரி உடைந்தது. வயலில், பம்ப்செட்டில் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்க்கக் காலையில் போன தங்கம்மாள் திரும்பவில்லை. அவள் மகள் வேதா கரையில் நின்று, அம்மாவின் அணைந்துபோன போனுக்கு மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருந்தாள்.

மற்ற நாளில் தூரத்தில் தெரியும் மலையைப் பார்த்துத் திசை பிடிக்கலாம். அன்று மலையையே மேகம் விழுங்கியிருந்தது. மழையில் ஐம்பது அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வேடியப்பனும் ஓவியாவும் பழைய மோட்டாரோடு இரண்டு சுற்று வந்தார்கள். மெதுவாக ஓட்டினால் அது நின்றுவிடும். நின்றால் சூட்டில் மறுபடி கிளம்பாது. வெள்ளம் படகை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் அலறிக்கொண்டே ஓடியது. வெறும் படகோடு கரைக்கு வந்தபோது மணி நான்கு.

“அண்ணா, வண்டியில கிடக்குற புதுசை மாட்டலாம்.”

வேடியப்பன் வேதாவைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து பழைய மோட்டாரின் திருகுகளைத் தளர்த்தினார்.

புதியது முதல் இழுப்பிலேயே பிடித்தது. நடக்கிற வேகத்துக்கு ஓவியா குறைத்தாள். நிற்கவில்லை. தண்ணீர் மேல் மழை விழுவது கேட்டது. எங்கோ ஒரு தவளை கத்துவதும் கேட்டது. வேடியப்பன் சட்டென்று கையை உயர்த்தினார்.

டங். டங். டங்.

“இடது பக்கம்மா.”

பம்ப்செட் கூரைமேல் தங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள், மடியில் இரண்டு குட்டிகள். தூக்குச்சட்டியை அதன் மூடியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு தடவ இந்தப் பக்கமாதான் போனீங்க,” என்றாள், படகில் ஏறியதும். “தொண்ட கிழியக் கத்துனேன். உங்க மோட்டாரு என்னவிட ஜாஸ்தியா கத்துச்சு.”

வேடியப்பன் தோளில் கிடந்த ஈரத் துண்டால் புதிய மோட்டாரின் மூடியைத் துடைத்துவிட்டார், மழை பெய்துகொண்டிருக்கும்போதே.

கரை நெருங்கியது. வேதா வேறு பக்கம் பார்த்து நின்றாள். படகு வருவது அவளுக்குக் கேட்கவில்லை. வேடியப்பன் எழுந்தார். படகு ஆடியது. இருபது வருடம் எஞ்சினைத் தாண்டிக் கத்திப் பழகிய அந்தக் குரலை முழுசாகத் திறந்தார்.

“பாப்பா, இங்க பாரு. அம்மா வந்துட்டாங்க.”

கரை மொத்தமும் திரும்பியது.