பச்சை நாட்கள்

மூத்தவள் பள்ளிச் சீருடை தைப்பவள். இளையவள் பஸ் கண்டக்டர். அக்காவும் தங்கையும் அண்ணன் தம்பியைக் கட்டி, கீழும் மாடியுமாக ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். இளையவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு மட்டும் வயிறு திறக்கவில்லை. தீட்டுக் கணக்குப் பார்க்கும் ஆப்போடுதான் அவள் வருஷக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"கருத்தடை மாத்திரை ஒத்துக்கலக்கா. பஸ்ஸுல தலை சுத்துது. எனக்கும் அந்த ஆப்பைப் போட்டுக் குடேன்," என்று இளையவள் போனை நீட்டினாள்.

மூத்தவள் மளமளவென்று போட்டுக் கொடுத்துவிட்டுத் துணியை எடுத்தாள்.

"பச்சைன்னா வண்டி போகலாம், அவ்வளவுதானே?" என்று சிரித்தாள் கண்டக்டர்.

வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்த மூத்தவள், "ம்" என்றாள்.

சில மாதங்களில் இளையவள் வெளிறிய முகத்தோடு இறங்கி வந்தாள். "தலையில இடி விழுந்துடுச்சுக்கா. பச்சையிலதானே போனோம்!"

மூத்தவள் போனை வாங்கிப் பார்த்தாள். 'குழந்தை வேண்டுமா?' என்ற கேள்விக்கு 'வேண்டும்' என்றிருந்தது. பழக்கதோஷத்தில் தன் போனில் அழுத்துவதையே இதிலும் அழுத்தியிருக்கிறாள். அப்படி அழுத்தினால் பச்சை, கரு தங்கும் நாள். 'பெத்து எனக்குக் குடுத்துடேன்' என்று நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"ஆப்பையெல்லாம் நம்ப முடியாதுடி," என்றாள்.

மாடியில் கொழுந்தன் கத்துவது கேட்டது: "போனைப் பாத்துக் குடும்பம் நடத்துனா இப்படித்தான்!" மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மாடியேறிப் போய் உண்மையைச் சொன்னாள்.

"வேணும்னே செஞ்சியா?"

"இல்லடி. ஆனா நீ பச்சைன்னு கேட்டது என் காதுல விழுந்துச்சு. ஏன் 'ம்' கொட்டுனேன்னு எனக்கே தெரியல. அதான் என்னைத் தின்னுது."

இளையவள் போனை எடுத்து அந்த ஆப்பை நீக்கினாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போறேன். இன்னொண்ணு என்னால முடியாது. நீயும் வா," என்றாள்.

ஆரம்பம்தான், மாத்திரையிலேயே கலைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள் என்று வேறு வழிகளையும் விளக்கினார். இளையவள் காப்பர்-டி போதும் என்றாள். மூத்தவள் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

உடம்பு தேறி வேலைக்குக் கிளம்பிய காலையில், இளையவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பிள்ளைகள் இருவரையும் வழக்கம்போல் கீழ்வீட்டு வாசலில் விட்டாள்.

"சின்னவனுக்கு லேசா ஜுரம். பாத்துக்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் மூத்தவள். சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.