சோப்புப் போடாதவருக்கு வெந்நீர் இல்லை

ஆல்டா பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவளுடைய வெந்நீர்க் குளத்தில் இறங்குகிறவர் அமைச்சராகவே இருக்கட்டும், முதலில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம் என்று தேய்க்கவேண்டிய இடங்களில் சிவப்பு வட்டம் போட்ட மனிதப் படம் குளியலறைச் சுவரில் தொங்கியது. எங்கள் நாட்டில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வழக்கம்தான்.

தலைநகர் ரேக்யவிக்கிலிருந்து காலையில் கிளம்பும் சுற்றுலாப் பேருந்து, அருவியையும் கொதிநீர் பீறிடும் குழியையும் காட்டிவிட்டு மத்தியானம் அவள் வாசலுக்கு வரும். பேருந்துக்காரன் ப்ராகி, பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பனிக்காலம் முழுக்க அந்தப் பேருந்தை நம்பித்தான் குளம். அது நின்றால் குளத்தைப் பூட்டிவிட்டு நகரத்துக்கு மீன் வெட்டப் போகவேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"ஆல்டா, இவங்கல்லாம் வெளிநாட்டுக்காரங்க. அடுத்தவங்க முன்னாடி அம்மணமா நிக்கக் கூச்சப்படுறாங்க. நேரா குளத்துக்கு விட்டுடு" என்றான் அன்று.

"கூச்சமா இருந்தா கண்ணை மூடிக்கட்டும். சோப்புப் போடக் கண்ணு எதுக்கு?"

"விடலைன்னா நாளையிலேருந்து வேற குளத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"போயேன். என் தண்ணியில நான் கிருமி கொல்ற மருந்து கலக்குறதில்ல. ஒருத்தன் அழுக்குல இன்னொருத்தன் முங்கணுமா?"

வீறாப்பாகப் பேசிவிட்டுச் சமையலறைக்குப் போய், ஊற்றோரச் சுடுமணலில் புதைத்து வேகவைத்த கறுப்பு ரொட்டியை வெட்ட ஆரம்பித்தாள். வெளியே தொபுக், தொபுக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், ப்ராகி குளத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். அத்தனை பேரும் முகப்பூச்சும் தலைப்பசையுமாகக் குளத்துக்குள்! தண்ணீர்மேல் எண்ணெய்ப்படலம் மினுமினுத்தது. குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொள்வது இதுதான் போலும்.

அடப்பாவி! வந்தால் மலை, போனால் மயிர் என்று ஆல்டா கரையோரம் குனிந்து, சங்கிலியைப் பிடித்து இழுத்து, அடைப்பானைப் பிடுங்கிவிட்டாள்.

"ஏய், என்ன பண்ற?" என்று கத்தினான் ப்ராகி.

"தண்ணி அழுக்காயிடுச்சு. மாத்துறேன்."

கழுத்தளவு தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது, பிறகு முழங்காலுக்கு. பனிமலைக் காற்று ஈர உடம்பில் அறைந்தது. பல் கிடுகிடுக்க எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அந்த இடத்தில் வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது குளியலறையில் மட்டும்தான். உள்ளே போன சிறிது நேரத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். சோப்பு வாசனை வாசல்வரை வந்தது.

"இனிமே என் பஸ் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காது."

"வேணாம். மீன் வெட்டியாவது பிழைச்சுக்குவேன். உன் பஸ்ஸுக்காகக் குளத்தைச் சாக்கடையாக்க மாட்டேன்."

காலியான குளத்தின் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடைப்பானைத் திரும்பப் பொருத்தினாள். வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

தோல் சிவக்கக் குளித்துவிட்டு வந்தவர்கள், குளம் எப்போது நிறையும் என்று கேட்டார்கள். சாயங்காலம் ஆகும் என்றாள். ப்ராகி ஹாரன் அடித்து அடித்துப் பார்த்தான். யாரும் அசையவில்லை.

"இருக்கோம்மா" என்றாள் ரொட்டியை மென்றுகொண்டிருந்த ஒரு பருத்த பெண். "இவ்வளவு தேய்ச்சுட்டு வீணாக்க முடியுமா?"

சாயங்காலம் குளம் ததும்பியது. ஆவிக்குள் பாட்டும் கும்மாளமும். பேருந்துக்குள் விறைத்துப்போயிருந்த ப்ராகி, காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கதவருகே வந்து நின்றான்.

"நாளைக்கும் அதே நேரந்தான் வருவேன்" என்று தரையைப் பார்த்து முனகினான். "இப்ப காலை மட்டும் நனைச்சுக்குறேனே."

ஆல்டா அவன் கையில் சோப்பைத் திணித்தாள்.

"படத்தைப் பாரு. பாதத்துலயும் வட்டம் இருக்கு."