மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த போட்டோக்கள்

அழுகின முட்டையின் நாற்றம் எல்லோருக்கும் தெரியும். ஒரு முட்டை இல்லை, ஒரு லாரி முட்டை வெயிலில் அழுகி, அதன் மேல் செத்த மீனையும் கொட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் நான் இரண்டு வருஷமாக வேலை பார்க்கும் சொர்க்கம், ஒரு தீவின் கரையில் டூரிஸ்ட் ஹோட்டல். மார்ச் பிறந்தால் கடல் பழுப்புநிறப் பாசியை வண்டி வண்டியாகக் கரையில் தள்ள ஆரம்பிக்கும். செப்டம்பர் வரைக்கும் அது அங்கேயே கிடந்து அழுகும். கழுத்தில் போட்ட வெள்ளிச் சங்கிலி ஒரே வாரத்தில் கறுத்துவிடும். ஏ.சி. மெஷினுக்குள் குழாய் அரித்துப் போகும், புதுசு மாற்றுவார்கள். மனுஷிக்கு மூக்கு மாற்ற வழியில்லை.

அந்தத் தீவின் பெயர் எங்கள் லயத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. வரிசையாகப் பன்னிரண்டு வீடு, ஒரே கூரை, அதுதான் லயம். அங்கே என் தீவுக்கு 'வெஸ்ட் இண்டீஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாம் கிரிக்கெட் பார்த்த புண்ணியம். லீவில் வந்து வண்டிப்பெரியாரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஆட்டோக்காரர் ஒருவர், வெஸ்ட் இண்டீஸ் ஞானஜோதிதானே என்று கேட்டார். ஆமாம் என்று பல்லைக் காட்டினேன். என்ன செய்வது, பழகிவிட்டது.

மூன்று வார லீவு. நான் வந்தது ஒரே ஒரு காரியத்துக்கு. தேயிலை எஸ்டேட்டில் வீடு வேலைக்குச் சொந்தம், ஆளுக்குச் சொந்தமில்லை. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு முடிந்து பெயரை வெட்டிவிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் பிள்ளைகளில் ஒருத்தி எஸ்டேட் ஆள் பட்டியலான செக்ரோலில் பெயர் போட்டுக் கொழுந்தெடுக்கப் போனால் வீடு நிற்கும். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். மூன்று மாதம் என் லீவின் கடைசிச் சனிக்கிழமையோடு முடிகிறது. அப்பா போய் ஒன்பது வருஷம். சங்கரன்கோவில் பக்கம் எங்களுக்கு ஊர் என்று ஒன்று இருந்ததாம். அங்கே எங்களுக்கு ஒரு பிடி மண் கிடையாது, முகம் தெரிந்த ஆளும் கிடையாது. அம்மாவுக்கு இருப்பது அந்த ஒன்றரை அறைதான்.

பெயர் போட வேண்டியவள் என் தங்கை ஜெஸ்னா. இருபத்து நாலு வயது, பி.காம்., குமுளியில் டூரிஸ்ட்டுகளுக்கு ஏலக்காயும் மிளகும் விற்கும் கடையில் நிற்கிறாள். அவள் பெயர் போட மாட்டேன் என்றாள். அவள் கையில் நான் வேலை பார்க்கும் அதே ஹோட்டலின் ஆர்டர் இருந்தது. துணி வெளுக்கும் பிரிவில் வேலை, போக வர டிக்கெட். சிபாரிசு செய்தது யார் என்று கேட்டால், நான்தான். போனில் கேட்டாள். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் நான் இரண்டு வருஷமாக அனுப்பிய போட்டோவுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். சரி என்பது சுலபமாக இருந்தது.

அந்த போட்டோக்கள் எடுத்த லட்சணத்தைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் விருந்தாளிகள் எழுந்திருக்கும் முன் நீச்சல் குளத்துப் பக்கம் பத்து நிமிஷம் நிற்க எங்களுக்கு அனுமதி. கடலில் பாசி ஒதுங்காத ஒரு கீற்று நீலம் தெரியும் இடம் ஒன்றே ஒன்று உண்டு. அங்கே போய் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிரித்து, எடுத்துவிட்டு ஓடி வருவேன். முதல் மாதம் அம்மா அழக் கூடாதே என்று எடுத்தேன். அடுத்த மாதம் லயத்தில் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று எடுத்தேன். பிறகு அது சம்பளமில்லாத இன்னொரு வேலை ஆகிவிட்டது. என் முகத்தையே பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கும். அப்படியும் அனுப்புவேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவள் வெறுங்கையோடு லயத்துக்குள் நுழைய முடியாது. வீட்டுக்கு ஒரு சோப்பு, ஒரு சென்ட், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காதவள் அங்கே போய்க் கெட்டுவிட்டாள் என்று அர்த்தம். தீவில் ஒரு சோப்பு வாங்க அரைநாள் துணி வெளுக்க வேண்டும். அங்கே வெங்காயம்கூடக் கப்பலில்தான் வரும். கப்பல் பிந்தினால் வெறும் சோறுதான். அதனால் எல்லாச் சாமானையும் எர்ணாகுளத்தில் வாங்கினேன். லாட்ஜ் அறையில் உட்கார்ந்து மலையாளத்தில் விலை ஒட்டியிருந்த சீட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பக்கத்து வீட்டு முருகேஸ்வரி சோப்பை மோந்து பார்த்துவிட்டு, சீமைச் சாமானுக்கு வாசமே தனி என்றாள். சிரித்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வாயைத் திறந்தேன். ஜெஸ்னா லீவு போட்டுவிட்டுத் துணிமணியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்க அடுக்க நான் சொன்னேன். ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டிதான் எங்கள் ரூம், அதில் ஆறு பெண்கள். சுவரெல்லாம் பூஞ்சை, செருப்புக்குள் பூஞ்சை, ஜெபப் புத்தகத்தின் அட்டையிலும் பூஞ்சை. லாரியில் வரும் தண்ணீரில் தவளை மிதக்கும், வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். யார் யாரோ படுத்துப் புரண்ட படுக்கை விரிப்புகள். அவற்றில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று சொன்னால் நீ சோறு தின்ன மாட்டாய். வெளுத்துக் காயப் போட்டால் பாசி நாற்றம் ஏறிவிடும், மறுபடி வெளுக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் நல்ல மனுஷர்கள்தான். அவர்களுக்கும் அதே நாற்றம், அதே வெங்காய விலை. எங்களோடு நின்று அவர்களும் துப்புவார்கள்.

போன வருஷம் வந்த புயலையும் சொன்னேன். துணி வெளுக்கும் கூடத்துக்குள் பதினாலு பேரை நாலு நாள் பூட்டி வைத்தார்கள். இரண்டாம் நாள் கக்கூஸ் நிரம்பித் தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பியது. ஈர விரிப்பை முகத்தில் போட்டுக்கொண்டு மேசை மேல் உட்கார்ந்திருந்தோம். ஐந்தாம் நாள் கதவைத் திறந்த மேனேஜர் எத்தனை விரிப்பு நனைந்தது என்றுதான் முதலில் கேட்டான். போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றால் பெர்மிட் அந்த ஹோட்டலுக்கு மட்டும்தான். ஹோட்டல் வேண்டாம் என்றால் ரூம் கிடையாது, ரூம் இல்லை என்றால் தீவும் கிடையாது. மூன்று விமானம் மாறிப் போய் இன்னொரு லயத்தில் குடியேறியிருக்கிறேன் என்றேன்.

ஜெஸ்னா பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அங்கன கக்கூசுக்குத் தாப்பா இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன். எங்கள் லயத்தில் ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். அதன் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான் பிறந்ததிலிருந்து ஒரு ஓட்டைதான். உள்ளே போனால் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"அப்ப அது போதும்க்கா," என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் சோப்பு ரகசியத்தையும் உடைத்துவிட்டேன். எர்ணாகுளம் லாட்ஜ், சுரண்டிய சீட்டு, எல்லாம். அவள் நம்பவில்லை. இல்லாததைச் சொல்லியாவது என்னைத் தடுக்கப் பார்க்கிறாய் என்றாள். அரை மணி நேரத்தில் லயம் முழுக்கப் பரவியது. மூத்தவள் தங்கச்சி மேலேறக் கூடாதென்று கண் வைக்கிறாள், கூடப் பிறந்ததுக்கே இப்படிப் பொறாமையா என்று முருகேஸ்வரி குழாயடியில் சொன்னதாக அம்மா வந்து சொன்னாள். நான் கொடுத்த சென்ட்டை அடித்துக்கொண்டுதான் அதையும் சொல்லியிருப்பாள். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதைதான். பொய் சொன்னபோது இந்த லயமே வாயைப் பிளந்து கேட்டது. உண்மையைச் சொன்னால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது.

அம்மா எந்தப் பக்கமும் பேசவில்லை. சனிக்கிழமை காலையில் குளித்து, கோயிலுக்குப் போகும் சேலையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க என்று மட்டும் சொன்னாள். ஜெஸ்னா வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். அம்மாவுக்காக மனது மாறிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். வழி நெடுகப் பெண்கள் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். மழை விட்டிருந்தது. அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைத் தண்ணீர் தடவியிருப்பார்கள். அந்த வாடை ரோடு வரைக்கும் வந்தது. எட்டு வருஷம் அதே வாடையோடு அந்த மேட்டில் நானும் நின்றிருக்கிறேன்.

ஆபீஸ் கிளார்க் அமிர்தநாதன் எங்கள் கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிறவர். அம்மாவை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். அம்மா ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தாள். அவர் ரெஜிஸ்டரைத் திறந்து கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

"ஒப்பு வச்சா வீடு நிக்கும். வைக்கலேன்னா அடுத்த மாசக் கடைசிக்குள்ள சாவி. இன்னைக்கு விட்டா என் கையில ஒண்ணுமில்ல," என்றார்.

ஜெஸ்னா பேனாவை எடுத்தாள். எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"நீ போடு."

எனக்கு விளங்கவில்லை. அமிர்தநாதனுக்கு உடனே விளங்கிவிட்டது. ரெண்டு பேரில் யார் போட்டாலும் சரிதான், ஞானஜோதிக்கு வேலையும் தெரியும், வயதும் இருக்கிறது என்றார். ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அழுவின முட்ட, தவள, பூஞ்ச, எல்லாம் சொன்னேல்ல. நான் நம்புறேன்க்கா," என்றாள் ஜெஸ்னா. குரலை உயர்த்தவில்லை. "அப்ப நீ போகாத. பேரப் போட்டு அம்மாவோட இரு. நானும் போகல, குமுளிக் கடையிலயே நின்னுக்கிறேன். இல்ல, போறியா? அத மட்டும் சொல்லு."

எட்டாம் தேதி எனக்கு டிக்கெட் இருந்தது. அதைக் கிழித்துப் போடலாம், யாரும் என்னைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. கையில் பேனா இருந்தது. வெறும் ஒரு கையெழுத்து. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு இடுப்பில் சாக்குக் கட்டி மேட்டில் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். அட்டையை நினைக்கவில்லை, மழையை நினைக்கவில்லை. முருகேஸ்வரியைத்தான் நினைத்தேன். வெஸ்ட் இண்டீஸ்காரி கொழுந்தெடுக்க வந்துட்டா என்று அவள் அடுத்த நிரையில் நின்று சொல்வாள், அந்த மேடே சிரிக்கும். தீவில் நான் மலத்தண்ணீருக்கு மேல் மேசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர் இங்கே யாருமில்லை. அந்த நாற்றம் எனக்கு மட்டும் தெரிந்த நாற்றம். அதை என்னால் சகிக்க முடிகிறது, இந்தச் சிரிப்பை முடியாது. இவ்வளவு கேவலமான ஒரு காரணம் என் மனதில் இருக்கும் என்று அந்த நாற்காலியில் உட்காரும் வரைக்கும் எனக்கே தெரியாது. பாசியைவிட அது நாறியது.

"போறேன்," என்றேன்.

ஜெஸ்னா தலையாட்டினாள். கோபமே இல்லை, கணக்குக்கு விடை சரியாக வந்த மாதிரி ஒரு முகம். என் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி வைத்தாள். குமுளியில் அம்மாவுக்கு ஒரு வாடகை ரூம் பார்த்துவிடலாம், ரெண்டு பேரும் அங்கிருந்து பணம் அனுப்பினால் போதாதா என்று அமிர்தநாதனிடம் சொன்னாள். அவர் ஸ்கேலை வைத்து அம்மாவின் வீட்டு நம்பருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு போட்டார். மை காயட்டும் என்று கொஞ்ச நேரம் ரெஜிஸ்டரை மூடாமல் வைத்திருந்தார்.

வெளியே வந்தோம். அம்மா எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள். எழுந்து சேலையை உதறிவிட்டு எங்களோடு நடந்தாள். ஜெஸ்னா போன் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையையும் தாண்டினோம். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. முப்பத்தாறு வருஷம் இந்த ரோட்டில் நடந்தவள், மூச்சு வாங்குகிறது என்று மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏட்டி, அங்கன என்னைய மாதிரி வயசாளிக்கு ஏதாச்சும் வேல இருக்குமா? துணி மடிக்கிறது, தூக்குறது, அந்த மாதிரி?"

இல்லைம்மா என்றேன். அந்த மூன்று வாரத்தில் நான் சொன்னதில் உடனே நம்பப்பட்டது அது ஒன்றுதான். அம்மா சரி என்று சொல்லிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.